நம்பர் போட்ட வாள்

…அதுவும் அலுமினியமாம், பிடி முழுக்க அலுமினியம், நூல் சுற்றியது போல வார்த்து மேலே பெயின்ற் அடித்திருக்கிறார்கள், இத்தனை வருடத்தில் யாராவது ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்திருந்தால் போதும், பிறேமினி இந்தச் சனிக்கிழமையை இப்படித் தொலைத்திருக்க மாட்டாள், போர்வையில் சுற்றிய ஜப்பான் வாளை மகனின் கிரிக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு லூயிஷாமிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்க மாட்டாள், பஸ்ஸும் வரவில்லை, ஃபொறஸ்ற் ஹில்லில் நிற்கிறது, சாரதி மாறும்வரை பொறுத்திருக்கவும் என்று அந்தப் பெண்குரல் திரும்பத் திரும்பச் சொல்கிறது, பொறுக்காமல் வேறு என்ன செய்ய… தம்பி ஜெராட்டிடம் கார் இருக்கிறது. ஆனால் ஜெராட்டுக்கு நாளைய கண்காட்சி வேலை, மேசை, மைக், குருவானவர், சனத்துக்குச் சாப்பிட ரோல்ஸ், தம்பிமாருக்கு எப்போதும் ஏதோ ஒரு வேலை. "சட்டப் பிரச்சினை ஒண்டும் இல்லை அக்கா, பழைய வாள்தானே, நீ பேசாமல் கொண்டு போ." பேசாமல்தான் வருகிறாள். பக்கத்து இருக்கைக் கிழவி பையைத் தட்டி, மகன் பட்டிங்கா போலிங்கா என்று கேட்டாள். பட்டிங். பொய்யை வளர்ப்பது இந்தக் குடும்பத்தில் எவ்வளவு சுலபம்.

நாளைக்குத் தமிழ்ப் பூசை முடிந்ததும் மாதா கோவில் மண்டபத்தில் கண்காட்சி, முன்னோர் வைத்திருந்தவை என்று ஆளுக்கு ஒரு பொருள். அப்பா வாளுக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் பேசப் போகிறார். கோட்டை நேற்றே எடுத்து ஹாங்கரில் மாட்டிவிட்டார். வாளுக்கு முன்னால் வைக்கிற அட்டையில் இரண்டு வரி பிறேமினி எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான் அவள் வேலை… கதை வீடு இருக்கிற ஸ்ட்ரெதமில் தமிழ்ச் சனம் எல்லோருக்கும் தெரியும். அப்பப்பா மலாயாவில் ஈப்போ ரயில் ஸ்டேசனில் கிளாக்கர். ஜப்பான்காரன் சரணடைந்த கிழமை ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தான், இரண்டு கையாலும் வாளை நீட்டினான், உன்னைப் போல நேர்மையானவனை நான் காணவில்லை என்றான். எந்த மொழியில் சொன்னான்? யாரும் கேட்டதில்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவன் லெப்டினன்ட், அவளுக்குக் கலியாணம் நடந்தபோது கேணல், அம்மாவின் செத்தவீட்டில் ஜெனரல். உயிரோடு இருந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு கிடைத்திருக்காது. அப்பாவுக்கு அப்போது நாலு வயது, கண்ணால் கண்டவர். கண்ணால் கண்ட சாட்சியை என்ன செய்வது.

அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்கத்தான் வாளை லூயிஷாமில் ஒரு வெள்ளைக்காரப் பல் வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. ஓய்வுபெற்றவர், வாள் சேர்ப்பவர்களின் சங்கத்தில் இருக்கிறார், நெற்றியில் ஒரு சின்ன விளக்கைக் கட்டிக்கொண்டு வாளுக்கு மேல் குனிந்தார், உடனே நிமிர்ந்தார், இது மேடைக்குச் செய்த போலி என்றார். தங்கப் பெயின்ற், மழுங்கிய வாய், வேறு என்ன நினைப்பார். கூத்தை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. மலாயாவிலிருந்து குடும்பம் திரும்பி வந்த எங்கள் ஊரில் கோவில் திருநாளுக்கு இரவிரவாகப் பாட்டும் ஆட்டமுமாக ஒரு நாடகம், அதில் என் அப்பா ராசா, வீட்டில் உண்மையான வாள் இருக்கும்போது மரவாளோடு ஏற மாட்டேன் என்று நின்றிருக்கிறார், மந்திரியின் விரல் போய்விடக் கூடாது என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கொல்லனிடம் கொடுத்து வாயை அராவித்தார், ராசாவின் வாள் மினுங்க வேண்டும் என்று யாரோ பெயின்ற் அடித்தார்கள், வருடா வருடம் அடித்தார்கள், கடைசியில் கூத்து உடுப்புகளோடு ஒரே பெட்டியில் லண்டனுக்குக் கப்பலேறியது… அவர் கண்ணை மூடிக்கொண்டார். பல்லுக்குச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தோம் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்க மாட்டார். பிறகு பஞ்சில் எதையோ தொட்டுப் பிடிக்குக் கீழே பொறுமையாகத் துடைத்தார். அலகில் ஒரு நம்பர். உறையின் வாயில் அதே நம்பர். முகம் மலர்ந்துவிட்டது. உண்மையான வாள்தான் அம்மா, ஆனால் அதிகாரியுடையது இல்லை, தொழிற்சாலையில் அடித்து சார்ஜண்டுமாருக்குக் கொடுத்தது, அதிகாரி தன் காசில் வாங்குவான், அது அவன் சொத்து, இது துப்பாக்கி மாதிரி, இராணுவத்தின் சாமான், இதை ஒரு சார்ஜண்ட் யாருக்கும் பரிசாகக் கொடுத்திருக்க மாட்டான். அப்போது அப்பப்பாவுக்கு எப்படிக் கிடைத்தது? தோள்களைக் குலுக்கினார். சரணடைந்தபோது குவித்துப் போட்டார்கள், எடுத்தவன் எடுத்தான். சொல்லிவிட்டு, நாளைக்கு நானும் வருகிறேன், உங்கள் அப்பா பேசுவதைக் கேட்க ஆசை என்றார். வருவாராம். முன்வரிசையில் இருப்பார். அப்பா ஜெனரல் என்பார், இவர் கையை உயர்த்துவார், பங்குச் சனம் முழுக்கப் பார்த்திருக்க, இங்கிதமாக, புன்னகையோடு, திருத்துவார். பிறகு அப்பா அந்தக் கோட்டோடு எப்படி மேடையை விட்டு இறங்குவார்… இன்றைக்கே சொல்லியாக வேண்டும். யார் சொல்வது? ஜெராட்டா? அவன் என்ன சொல்வான் என்று தெரியும். "ஜெனரல் எண்டே எழுது அக்கா, ஆர் வந்து பாக்கப்போறான்." வருகிறானே, ஒருவன் வருகிறானே.

பஸ் அசைந்தபோது போன் அடித்தது. மறுபடி அப்பா. புறப்பட்டதிலிருந்து இதே வேலை. "பிள்ளை, எங்கை நிக்கிறாய்? என்னவாம் வெள்ளைக்காரன்?" உண்மையான வாள்தானாம் அப்பா. "அதை நான் சொல்லேல்லையே? ஜெனரலின்ரை எண்டு எழுதித் தந்தவனே?" இப்போதே சொல்லிவிடலாம், பஸ்ஸுக்குள் அவர் முகம் தெரியாது, இதைவிட நல்ல இடம் கிடைக்காது… சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வக்கீல் மாதிரி ஒரு எரிச்சல் வந்தது, அந்த நாலு வயதுச் சாட்சியை ஒருமுறை பிடித்து உலுக்கிப் பார்க்க வேண்டும் போல. "அப்பா, கோவிக்கக் கூடாது. அவன் வரேக்கை நீங்கள் எங்கை நிண்டனீங்கள்?" "கதவுக்குப் பின்னாலை." "வாள் அவன்ரை கையிலையே இருந்தது?" "சீ, இடுப்பிலை. என்ரை முகத்துக்கு நேரை தொங்கினது, அவன் திரும்பேக்கை எல்லாம் அது ஆடினது." சரணடைந்தவன் இடுப்பில் வாளோடு வருவானா? அப்படியானால் அது அந்தக் கிழமை இல்லை, அதற்கு முன்னர் ஏதோ ஒரு நாள், அவன் எசமானாக இருந்த ஒரு நாள். "அப்ப எப்ப அப்பா தந்தவன்?" "தந்தவன்தானே, பிறகு. முதல் என்ரை ஐயாவோடை, உன்ரை அப்பப்பாவோடை, கதைச்சவன். பெரிய சத்தம். ஐயாவின்ரை கண்ணாடி சறுக்கிக்கொண்டு நான் நிண்ட இடத்துக்கு வந்திட்டுது. நான்தான் எடுத்துக் குடுத்தனான். ஐயா முழங்காலிலை இருந்தவர், கன நேரம் இருந்தவர். அது அவங்கடை மரியாதை பிள்ளை, அப்பிடித்தான் இருக்கவேணும்."

இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்குக்கூடச் சொல்லியிருப்பாரா? குரலில் ஒரு மாற்றமும் இல்லை, ஜெனரல் என்று சொல்கிற அதே குரல். கண்ணாடி தானாகச் சறுக்காது அப்பா, ஒருவன் அறைந்தால்தான்… அவளுடைய எரிச்சலுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. அந்த எரிச்சலோடேயே கேட்டாள், "நீங்கள் அழுதனீங்களோ?" "நான் ஏன் அழுகிறது? விசர்க் கதை கதைக்காதை." பஸ் இப்போது வேகமாகப் போனது, சாரதிக்கு அவசரம் போல, ஒரு தரிப்பில் யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. அப்பா போனை வைக்கவில்லை. பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ஐயா பிறகு எழும்பினவர்தானே?" என்றார். அது கேள்வி. அவளிடம் கேட்டாரா, அல்லது பக்கத்தில் இருக்கிற வேறு யாரிடமாவது கேட்டாரா… வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. ஓம் அப்பா, எழும்பினவர், என்றாள், எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.