இருபத்தைந்து குதிரையும் ஒரு தோளும்

1

இந்தக் கதை என் மனத்தில் கருக்கொண்டு பிறந்ததல்ல. கரமனைத் தமிழ் மன்றத்தின் வெள்ளிவிழா மலரில் நாலு பக்கம் காலியாகக் கிடந்தது. அதிலிருந்து பிறந்தது. அந்தப் பக்கங்களுக்கு வரவேண்டிய ஜவுளிக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வேறொரு மன்றத்தின் மலருக்குப் போய்விட்டது. செயலாளர் வெங்கடகிருஷ்ணன் சாலை பஜாரில் எங்கள் கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலேயே என்னைக் கூப்பிட்டார். நான் வேலாயுதன் முதலாளியின் கடையில் பில் எழுதுகிறவன். பம்பு, கயிறு, வலை மிதவை, படகு எஞ்சின் விற்கும் கடை. இடையிடையே கதையும் எழுதுவேன். இரண்டுக்கும் ஒரே பேனா.

“கடல் சம்பந்தமா ஒண்ணு எழுதிக் குடும் ஓய்,” என்றார். “விழாவைக் கடற்கரையிலேயே வைக்கிறோம். முன்வரிசையிலே அசல் மீனவா இருபது பேர். பொன்னாடை உண்டு. உம்ம கதையை மேடையிலே வாசிக்கப்போறோம்.”

அசல் மீனவர் என்று அவர் சொன்னது அசல் நெய் என்று சொல்வதுபோல் இருந்தது. யாரோ உருக்கி, முகர்ந்து பார்த்து, முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

2

கடலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது நுரை.

“கடலன்னை தன் அலைக்கரங்களால் கரையைத் தழுவித் தழுவி——”

நிறுத்தினேன். நான் கடலைப் பார்த்ததெல்லாம் கோவளம் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான். அதுவும் ஜன்னலோரம் இடம் கிடைத்த நாட்களில்.

“உப்புக்காற்றில் உரமேறிய அந்த ஏழை மீனவனின் கண்களில் தலைமுறைகளின் சோகம்——”

எங்கள் கடைக்கு வந்த மீனவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். உள்ளே இருந்தது சோகமா, மெட்ராஸ் ஐ-யா, எனக்குத் தெரியாது.

“மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே நிகழும் இந்த முடிவற்ற——”

இதை யாராவது முடித்துக்கொள்ளலாம். இதை முடிக்கக்கூடியவர்கள் எங்கள் மன்றத்தில் ஆறு பேராவது இருக்கிறார்கள். ஆளுக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தால் போதும்.

மிஞ்சியது இது: தொண்ணூற்றெட்டாம் வருஷம் மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மூன்று பேர் எங்கள் கடைக்குப் படகு எஞ்சின் வாங்க வந்தார்கள்.

(அழகான வரி இல்லை என்று தெரியும். ஆனால் பொய் எதுவும் இல்லை. எனக்கு இது புதிது.)

3

அந்த மூவர்: விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கரையைச் சேர்ந்த பனியடிமை, வயது நாற்பத்தாறு. அவர் மனைவி ஜெபமலர், கையில் மடக்கிய குடை. படகில் பாதிப் பங்காளி தங்கப்பன், முப்பத்தைந்து வயது, பீடி. தங்கப்பனுக்கு வேலையில்லாத மச்சினன் ஒருவன் உண்டு. நாலு வருஷமாக அவனைப் படகில் எஞ்சின் பக்கம், ஓட்டுகிறவன் இடத்தில், உட்காரவைக்கத் தங்கப்பன் வழி தேடுகிறார்.

கதையில் என்ன ஆபத்து என்பதைக் கடைசிவரை ஒளித்துவைப்பது பெரிய எழுத்தாளர்களின் வழக்கம். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்: பனியடிமையின் வலது தோள் போய்விட்டது. அது தங்கப்பனுக்குத் தெரியாது. தெரிந்த மறுநாள் எஞ்சின் பக்கம் பனியடிமைக்கு இடம் இருக்காது.

ஏன் என்றால், அவர்கள் கரையில் துறைமுகச் சுவர் கிடையாது. படகு திரையோடு திரையாக வந்து மணலில் ஏறவேண்டும். ஏறும் நொடியில் எஞ்சினைச் சட்டென்று சாய்த்து மேலே தூக்காவிட்டால், அதன் விசிறி மணலில் மோதி உடையும். பிறகு எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகவேண்டும். யாரும் அதைக் கரையில் விட்டுப் போவதில்லை. எஞ்சினைப் பிடிக்கிறவன்தான் சுமக்கவேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கை மாற்றிக் கொடுத்தால் இடத்தையும் மாற்றிக் கொடுத்ததாக அர்த்தம்.

பழைய எஞ்சினின் சக்தி எட்டுக் குதிரை. போன மழைக்காலத்தில் அதன் கைப்பிடிதான் அவர் தோளை முறித்தது. அதற்குப்பின் அதை இடது தோளிலேயே சுமந்தார். கேட்டவர்களிடம் வலது பக்கம் வேர்க்குரு என்றார்.*

இப்போது அந்த எஞ்சினும் செத்துவிட்டது. எங்கள் கடையில் இருந்தவை இரண்டு. ஒன்று, ஒன்பது புள்ளி ஒன்பது குதிரை. கரையில் யாருக்கும் புள்ளி வைக்கப் பொறுமை இல்லை, பத்து என்பார்கள். இன்னொன்று இருபத்தைந்து. பத்தை ஒற்றைத் தோள்காரர் ஒருவர் பல்லைக் கடித்துச் சமாளிக்கலாம். இருபத்தைந்தின் எடை, நடுத்தரமாக வளர்ந்த ஒரு செயலாளரின் எடை.

* வேர்க்குரு நான் சேர்த்தது. அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஆறு மாதம் வேர்க்குருவை நம்பிய ஊர் எது என்று கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தார் நம்புவதைக் கதாசிரியனால் திருத்த முடியாது.

4

கம்பெனிப் பிரதிநிதி மகேஷ்குமார் அன்று கொச்சியிலிருந்து வந்திருந்தார். மே மாதத்துச் சாலை பஜாரில் டை கட்டியிருந்த ஒரே ஜீவன் அவர்தான். இருபத்தைந்தின் தலையில் கை வைத்து, ஆசீர்வதிப்பதுபோல் ஆரம்பித்தார். இது எஞ்சின் இல்லையாம், எதிர்காலமாம். அந்த எதிர்காலம் மணிக்கு எத்தனை லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும் என்று தங்கப்பன் கேட்டார். மகேஷ்குமார் பதிலுக்கு ஒரு வழவழப்பான புத்தகத்தை விரித்தார். அதில் ஒரு வெள்ளைக்காரர், தொப்பி, வெள்ளைப் படகு, படகில் சாய்ந்தபடி இரண்டு பெண்கள். ஜெபமலர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். குடையின் நுனியால் அதைத் தொட்டு, இவங்க வலை எங்க கிடக்கு என்று கேட்டார்.

பின்கட்டில் ஒரு இரும்பு டிரம் நிறையத் தண்ணீர் வைத்திருப்போம். வாங்க வருகிறவர்கள் முன்னால் எஞ்சினை அதில் இறக்கி ஓட்டிக் காட்டுவோம். உலகத்தில் எந்த எஞ்சினும் டிரம்முக்குள் நன்றாகத்தான் ஓடும். (மேடைப் பேச்சாளர்களும் அப்படித்தான்.)

மகேஷ்குமார் இருபத்தைந்தின் கயிற்றுப் பிடியை எடுத்துப் பனியடிமையிடம் நீட்டினார். சார் கையாலேயே ஸ்டார்ட் செய்யட்டும் என்றார்.

பனியடிமை அந்தப் பிடியைப் பார்த்தார். தங்கப்பன் பனியடிமையைப் பார்த்தார். இந்த இடத்தில் ஒரு பெரிய எழுத்தாளர் காலத்தை நிறுத்தியிருப்பார். எங்கள் கடையில் அதற்கு இடமில்லை, பின்னால் சிமெண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“அவரு என்னத்துக்கு இழுக்கணும்?” என்றார் ஜெபமலர். “வாங்க வந்தவங்க நாங்க. விக்கிதவரு இழுத்துக் காட்டட்டும்.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். மகேஷ்குமார் டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு இழுத்தார். ஆறு தடவை இழுத்தார். எதிர்காலம் இருமியது. ஏழாவது தடவை பிடித்துக்கொண்டு, டிரம்மில் இருந்த தண்ணீரில் பாதியை அவர் பூட்ஸில் ஊற்றியது. அதை நிறுத்திவிட்டுத் தங்கப்பன் ஒரே இழுப்பில் மறுபடி கிளப்பினார்.

“வெண்ண போல இருக்கு அண்ணே. நீங்க ஒண்ணு வலிச்சு நோக்கும்,” என்று கயிற்றுப் பிடியைப் பனியடிமையிடம் நீட்டினார்.

“அதெல்லாம் வேண்டாம். பத்து போதும்,” என்றார் ஜெபமலர். “இது குடிக்கித மண்ணெண்ணெய்க்கு ஊருல உள்ள அத்தன ரேசன் கார்டும் வேணும்.”

தங்கப்பன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “எஞ்சினு வள்ளத்துக்கா அண்ணே, அக்காவுக்கா?”

மறுபடி சிரிப்பு. பனியடிமை கழுத்தை நிமிர்த்தி, தனக்கு இருபத்தைந்துதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்று எனக்கு விளங்காதது ஒன்று, எழுதும்போது விளங்குகிறது: தோள் நன்றாக இருந்திருந்தால் அவர் பத்துதான் கேட்டிருப்பார்.

5

முதல் பிரதியில் ஜெபமலரை ஒரு வாயாடியாக எழுதியிருந்தேன். கடையில் இருந்த நாங்கள் ஒன்பது ஆண்களும் பார்த்தது அதைத்தான். புருஷனைப் பேசவிடாத பெண், காசு விஷயத்தில் கெட்டி, எஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது. அரைமணி நேரம் அவர் எஞ்சினைக் குறை சொன்னார். நிறம் சரியில்லை. சத்தம் அதிகம். பேர் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு குறைக்கும் நாங்கள் சிரித்தோம், தங்கப்பன் எல்லோரையும்விட அதிகமாக. சிரிக்கிற ஆள் அடுத்தவன் தோளைக் கவனிப்பதில்லை.

அந்தப் பிரதியை வெங்கடகிருஷ்ணன் படித்தார்.

“ஹாஸ்யம் நன்னாருக்கு. ஆனா ஓய், அந்தப் பொம்மனாட்டி ஒரு இடத்திலேயும் அழலையே?”

அழவில்லை என்றேன்.

“கடல்புரத்துக் கதைன்னா ஒரு சொட்டாவது வேண்டாமா? முன்வரிசையிலே அவாளெல்லாம் உக்காந்திருப்பா.”

அவாளெல்லாம் அழுவதற்கு வருகிறார்கள் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. சாப்பாடு உண்டு என்று சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்கள்.

6

எந்த எஞ்சின் என்று கடைசியில் முடிவானது. வாரண்டிக் கார்டில் கையெழுத்துக்காகப் பனியடிமை என் மேஜைக்கு வந்தார். தங்கப்பன் டெம்போ பேசப் போயிருந்தார். பேனாவை நீட்டினேன். பனியடிமை வலது கையை இடது கையால் எடுத்து மேஜைமேல் வைத்தார், வேறு யாருடைய சாமானையோ வைப்பதுபோல. விரல்கள் மட்டும் வேலை செய்தன. கையெழுத்து அழகாக இருந்தது.

நான் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை ஜெபமலர் பார்த்துவிட்டார்.

எல்லோரும் வெளியே போனபின் மறந்துவைத்த குடையை எடுக்கவென்று அவர் மட்டும் திரும்பி வந்தார். குடை மேஜைக்குக் கீழே ஒழுங்காகச் சாத்திவைக்கப்பட்டிருந்தது. மறந்தவர்கள் அப்படிச் சாத்துவதில்லை.

“கணக்கப்பிள்ளே, நீரு கதையெல்லாம் எழுதுவீராமே. முதலாளி சொன்னாரு.”

ஏதோ கொஞ்சம் என்றேன்.

“என்னை எப்படி வேணும்னாலும் எழுதும். பேய்னு எழுதும். அந்தக் கைய மட்டும் எழுதிராதேயும்.”

எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுவரை நான் எழுதிய எட்டுக் கதைகளையும் ஒருவரும் படித்ததில்லை என்ற தைரியத்தில் கொடுத்த வாக்கு அது. மன்றத்து மலரும் அப்படியொரு பத்திரமான இடம்தான். அதில் அச்சான ரகசியம் கிணற்றில் போட்ட கல். மேடையில் மைக் வைத்து வாசிப்பார்கள் என்று யார் கண்டது?

7

முடிவுகள்.

(அ) பத்தை வாங்கினார்கள். பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன் என்று கரை முழுக்கப் பனியடிமையைக் கேலி செய்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் ஐந்து வருஷம் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தார்.

(ஆ) இருபத்தைந்தை வாங்கினார்கள். முதல் நாள், கரை ஏறும் நேரம், பெரிய திரை. பனியடிமை எஞ்சினைச் சாய்க்க வலது கையை——

(இ) செயலாளர் சிபாரிசு செய்தது. தங்கப்பனுக்கு எல்லாம் முதலிலேயே தெரியும். அவர் ஓடிவந்து நண்பனைத் தழுவிக்கொண்டு கதறுகிறார். எந்தப் பக்கத்துத் தோளைத் தழுவுவார் என்று கேட்டேன். வெங்கடகிருஷ்ணன் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

இவற்றில் ஒன்று நடந்தது. எது என்று சொல்லமாட்டேன். வாசகர்மேல் மரியாதை வைத்து முடிவைத் திறந்துவிட்டேன் என்று மன்றத்தில் யாராவது பேசுவார்கள். நம்பாதீர்கள். காரணம் முன்வரிசை.

இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பனியடிமை என்ற பெயர் நான் வைத்தது. அந்தக் கரையில் தெருவுக்கு நாலு பனியடிமை உண்டு. வருஷத்தை மாற்றியிருக்கலாம், தோளையும் பக்கம் மாற்றியிருக்கலாம். இந்தக் கதையை வாசித்து முடித்ததும் இருபது பேரும் அடுத்தவர் தோளைப் பார்ப்பார்கள். பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பத்தா, இருபத்தைந்தா என்று சொல்லிவிட்டால் ஆள் யார் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு வாக்கை முக்கால்வாசி உடைத்தவனிடம் மிச்சம் இருப்பது அந்தக் கால்வாசிதான்.

பிறகு பொன்னாடை போர்த்துவார்கள். அதற்குத் தோளை அசைக்கவே வேண்டாம், சும்மா நின்றால் போதும். வெங்கடகிருஷ்ணன் வாழ்க்கையில் யாருக்காவது உபகாரம் செய்திருந்தால், அது அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆகவே முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிடிக்கிறவன்தான் சுமக்கவேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடையின் பின்கட்டிலிருந்து வாசலில் நிற்கும் டெம்போ வரை அதை நீங்கள்தான் கொண்டுபோகிறீர்கள். முப்பது அடி. நடுவில் கயிற்றுச் சுருள், சிமெண்டு மூட்டை, ஒரு படி. தங்கப்பன் டெம்போமேல் சாய்ந்து பீடி பற்றவைக்கிறார். உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெபமலர் உங்களைப் பார்க்கவில்லை. உங்களுக்கும் தங்கப்பனுக்கும் நடுவில் வந்து நின்று, மெதுவாகக் குடையை விரித்துக்கொண்டிருக்கிறார். கடைக்கு உள்ளே, கூரைக்குக் கீழே. பைத்தியம் என்று யாரோ சிரிக்கிறார்கள்.

ம், குனியுங்கள்.