மூக்கி சொன்ன பச்சை ஆப்பிள்

சனிக்கிழமை செய்தித்தாளின் ஆறாம் பக்கத்தில், கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும் ஒயின்களைப் பற்றி அரைப்பத்தி வரும். எழுதுபவர் அதே அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். பெயர்தான் அவருடையது, மூக்கு அவர் மனைவியுடையது. தையல்காரியான அவளுக்கு மூன்றாவது வீட்டில் பால் அடிப்பிடித்தாலும் இங்கே தெரிந்துவிடும். அதனால் தெருவே அவளை மூக்கி என்றது. அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

ஞாயிறு மதியம் சமையலறை மேசையில் இரண்டு கோப்பைகள் வைப்பார்கள். நிறம் பார்க்க அடியில் ஒரு வெள்ளைத்தாள். மூக்கி கோப்பையைச் சுழற்றி மோந்து, ஒரு மடக்கை வாயில் நிறுத்தி விழுங்கிவிட்டுச் சொல்லுவாள்: எலுமிச்சைத் தோல், பேரிக்காய், மழை நனைத்த கல். விலை கூடிய வெள்ளை ஒயின் ஒன்றை, இஸ்திரி போட்ட சட்டைக்குள் ஒரு சோம்பேறி என்றாள். அவர் அதை அப்படியே எழுத, வாசகர்கள் ஒரு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

பதினோரு வருடம் இப்படி ஓடியது. பிறகு அவள் தொண்டையில் கட்டி வந்தது. ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டி போனது, கூடவே ருசியும் வாசனையும் போயின. திரும்பினால் திரும்பலாம் என்றார் மருத்துவர். நான்காம் மாதம் அவளே, எல்லாம் பழையபடி வந்துவிட்டது என்றாள். அவர் நம்பினார். நம்பத்தான் அவருக்கு ஆசை.

ஒருநாள் அவர் வீடு திரும்பியபோது அடுப்பில் பால் தீய்ந்து கருகிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி முதுகைக் காட்டியபடி அவள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் சத்தமில்லாமல் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பின்கட்டில் தேய்த்து, வேறு பால் ஊற்றி மறுபடி அடுப்பில் வைத்தார்.

அடுத்த ஞாயிறு ஒரு மலிவு வெள்ளை ஒயினைத் திறந்தார்கள். அவருடைய மந்த மூக்குக்கே நனைந்த சாக்கு நாற்றம் குப்பென்று அடித்தது. தக்கை கெட்டு ஒயினையும் கெடுத்திருந்தது. மூக்கி நிதானமாகச் சுவைத்தாள்.

"பச்சை ஆப்பிள். கடைசியில லேசா உப்பு. இந்த விலைக்குத் தாராளமா வாங்கலாம்."

"ஆமா," என்றார் அவர். தன் கோப்பையைச் சொட்டு விடாமல் குடித்தார்.

ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்தபோது, அவர் பேச்சை நம்பி வாங்குகிறவர்களுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. புட்டி கெட்டிருந்தது, இப்படி நாறினால் கடையில் திருப்பிக் கொடுங்கள் என்று உள்ளதை எழுதினார். நோய்க்குப் பின் அவள் செய்தித்தாளைத் தொடுவதில்லை என்ற தைரியம். சனிக்கிழமை ரவிக்கை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, இந்த வாரம் ஒயினை ஏன் இப்படித் திட்டித் தீர்த்துவிட்டாய் என்று அவளிடமே கேட்டுவிட்டாள்.

அவர் வந்தபோது ஆறாம் பக்கம் தையல் இயந்திரத்தின் மேல் விரிந்திருந்தது.

"சாக்கு நாத்தமா?"

"ஆமா."

"தெரிஞ்சேதான் அவ்வளவையும் குடிச்சீங்களா?"

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பால் தீஞ்ச அன்னைக்கு."

பால் தீய்ந்ததே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். புட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, அவர் கண்டுபிடிக்காதபடி மாற்றி மாற்றிச் சொல்லிவந்ததாக ஒப்புக்கொண்டாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

"சோறும் ஒண்ணுதான், பஞ்சும் ஒண்ணுதான். அதைக்கூடப் பொறுத்துக்கலாம். நீங்க வேலைக்குப் போனப்புறம் உங்க சட்டையை எடுத்து மோந்து பாப்பேங்க. தினமும். அதுலயும் ஒண்ணுமே இல்ல."

அவர் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முகம் பதிந்த இடத்தில் சட்டை நனைந்தது.

திங்கட்கிழமை ஆசிரியரிடம் போய் அரைப்பத்தியை நிறுத்தச் சொன்னார். வேறு ஆள் சுவைக்கட்டும், நீங்கள் எழுதுங்கள் என்றார் ஆசிரியர். அவர் மறுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு சாப்பாடு முடிந்ததும் இருவரும் பழக்கதோஷத்தில், கோப்பைகள் இல்லாத மேசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். பிறகு, தூக்கம் வருகிறது என்று சொல்லி எழுந்து போனாள். அவளுக்குத் தூக்கம் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும்.