இருநூறு கஜம்

வெர்லின் ஹூக்ஸ்ட்ரா இருபத்திரண்டு வருடங்களாகக் குறி தவறியதில்லை. அதற்குச் சாட்சி ஆர்லோவின் டிராக்டர் கொட்டகைச் சுவர். மானைச் சுட்டுத் தவறவிட்டவரின் சட்டைவாலை, அதாவது சட்டையின் பின்பக்கம் தொங்கும் நுனியை, வெட்டி, பெயரும் வருடமும் எழுதி, அங்கே ஆணியடித்து வைப்பது அந்த வேட்டைக் குழுவின் வழக்கம். முப்பத்தொரு துண்டுகள் தொங்கின. ஒன்றுகூட வெர்லினுடையதல்ல. வெட்டும் கத்திரிதான் அவருடையது.

ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. அறுபது கஜத்துக்கு அப்பால் அவர் சுட்டதே கிடையாது. அயோவாவின் அந்தத் தட்டைப் பூமியில் மானுக்கு ரைஃபிள் கூடாது. ஷாட்கன் எனும் வேட்டைத் துப்பாக்கியில் ஸ்லக் என்கிற ஒற்றைக் கனத்த குண்டுதான். வழுவழுப்பான பழைய குழலிலிருந்து அதை அறுபதுக்கு மேல் நம்பி அனுப்ப முடியாது.

இந்த டிசம்பரில் அவர், குண்டைச் சுழற்றி நேராக அனுப்ப உள்ளே திருகுவரி வெட்டிய குழலோடு புதுத் துப்பாக்கி வாங்கியிருந்தார். மேலே ஸ்கோப். அதற்குப் பொருத்தமாகப் புது ஆரஞ்சு மேலங்கி. குண்டுப் பெட்டியில் ‘இருநூறு கஜம்’ என்று அச்சிட்டிருந்தது. ஐம்பது கஜத்தில் மாட்டிய இலக்குத் தாளில் மூன்று குண்டு சுட்டார். மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று தொட்டன. அந்தத் தாளைச் சட்டைவால்களுக்கு நடுவே மாட்டினார்.

“நூறுல சுட்டுப் பார்த்தியா, சகல?” என்றான் ஆர்லோ. இருவரும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள்.

“எதுக்கு? ஐம்பதுல இப்படின்னா இருநூறுல கேக்கணுமா? உன் பழைய குழாய்க்குத்தான் பக்கத்துல போகணும்.”

“நான் மானோட கண்ணிமை தெரிஞ்சாத்தான் சுடுவேன்.”

“நீ சுடு. நான் மானுக்குக் கண் இருக்கான்னே பார்க்க வேண்டியதில்ல.”

ஆர்லோவின் மனைவி மார்தீன் காபி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: “குண்டுக்கும் அந்தப் பெட்டியப் படிச்சுக் காட்டிருங்க, அத்தான்.”

விடிந்ததும் ஆர்லோவும் மற்றவர்களும் ஓடையோர மரங்களுக்குள் சத்தம் போட்டுக்கொண்டு நடந்தார்கள். கலைந்த மான்கள் வெளியே வரும் வேலியோரத்தில் வெர்லினும், கொஞ்சம் தள்ளி மார்தீனும் நின்றார்கள். அறுவடை முடிந்த சோள வயலில் புதுப் பனி.

கிளைக்கொம்பன் ஒன்று வயலின் மறுகோடியில் வெளிவந்து நின்றது. ஸ்கோப்பில் அது தொட்டுவிடும் தூரத்தில் தெரிந்தது. வெர்லின் அதன் தோளுக்குப் பின்னே சரியாகக் குறி வைத்துச் சுட்டார். மான் தலையைத் தூக்கி அவர் பக்கம் பார்த்தது. பிறகு, அவசரமே இல்லாமல், ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

“பட்டிருக்கு. நூத்தம்பது கஜம்தான்,” என்றார் வெர்லின்.

“அதுக்குத் தெரியலையே, அத்தான்.”

“கொஞ்ச தூரம் போய் விழும். எதிர்க்காத்து வேற கொஞ்சம் இருந்துச்சு.”

சுட்ட பிறகு ரத்தம் தேடாமல் வரக்கூடாது என்பது குழுவின் விதி. விதி போட்டவர் வெர்லின். மார்தீன் காலடியை வாய்விட்டு எண்ணியபடி முன்னால் நடந்தாள். நூற்றைம்பது என்று அவர் சொன்ன இடத்தில் எதுவும் இல்லை. நூற்றுத் தொண்ணூற்றாறில் நின்றாள். பனியில் யாரோ குச்சியால் கிழித்தது போல நீளமாக ஒரு கோடு. முனையில் கறுத்த மண். மானின் குளம்படிகள் அதற்கும் பத்துக் கஜம் அப்பால் இருந்தன. ரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

“குண்டு களைச்சு உட்கார்ந்திருக்கு, பாவம்,” என்றாள்.

“அது பழைய கோடா இருக்கும்.”

“ராத்திரி பெய்ஞ்ச பனியிலயா?”

மதியம் கொட்டகையில் சில்லி என்கிற இறைச்சி-பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் ஆறிக்கொண்டிருந்தன. யாரும் தொடவில்லை. எல்லோரும் கத்திரியைப் பார்த்தார்கள். வெர்லின் மேலங்கியைத் திறந்து காட்டினார். உள்ளே கழுத்து வரை மூடிய கம்பளிப் பின்னல், வால் கிடையாது.

“வெட்ட என்ன இருக்கு?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கே நீளமாகப் பட்டது.

ஆர்லோ சுவரிலிருந்த ஒரு சதுரச் சாம்பல் துணியைத் தட்டினான். போன வருடம் அவனும் வாலில்லாத பனியன்தான் போட்டு வந்தான். “அன்னிக்கு நீதான சொன்ன, சகல? வால் இல்லன்னா முதுகுல வெட்டு, எது மேல இருக்கோ அதுல வெட்டுன்னு.”

“அது… உன் விஷயம் வேற.”

“ஆமா. என்னோடது பழசு.”

தான் போட்ட விதியில் ஓர் ஓட்டையைத் தேடிப் பார்த்தார் வெர்லின். பிறகு திரும்பி நின்றார். கத்திரியை மார்தீன் எடுத்தாள். புது மேலங்கி தடிமனாக இருந்ததால் நிதானமாகவே வெட்டினாள். ஒவ்வொரு கடிக்கும் அவர் தோள் சுருங்கியது. துண்டில் ‘வெர்லின், 206 கஜம்’ என்று எழுதி, மூன்று ஓட்டைத் தாளுக்கு மேலேயே வைத்து ஆணியடித்தாள்.

பிற்பகலில் வேலியோரத்தில் ஆர்லோ நின்றான். தவறவிட்டவர் மரங்களுக்குள் நடந்து மான் கலைக்க வேண்டும். வெர்லின் பழைய துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு, முதுகில் சதுரமாய்க் குளிர் ஏற, பனியில் இறங்கினார்.

“காத்து இருக்குன்னு காலையிலயே சொன்னீங்க, அத்தான்,” என்று பின்னாலிருந்து மார்தீனின் குரல் வந்தது. “நாங்கதான் நம்பல.”