அதட்டாத தலைமையாசிரியை

புதிய தலைமையாசிரியை யாரையும் அதட்டுவதில்லை. அதுதான் கெமிஸ்ட்ரி சாரின் தூக்கத்தைக் கெடுத்தது. பழைய ஹெட்மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவார். திட்டுதான் என்றாலும் முழுசாகக் காதில் விழுந்தது.

சாருக்குக் காது மந்தமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். மகளோ காலேஜில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறாள்.

இந்த அம்மா அவரிடம் ஏதாவது சொல்வதென்றால் மேஜையைச் சுற்றி வந்து நேர் எதிரே நிற்கிறார். மீட்டிங்கில் தன் பக்கத்து நாற்காலியைக் காட்டுகிறார், சார் உட்கார்ந்ததும் ஃபேனை அணைக்கிறார். ரோட்டோரத்து வகுப்பிலிருந்து அவரைப் பின்பக்கத்து அறைக்கு மாற்றியதும் இவர்தான். எல்லாம் சிரித்த முகத்தோடு. கழுத்தை அறுக்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள் என்பது சாரின் திடமான கட்சி.

"அவங்க உங்களுக்கு என்னங்க கெடுதல் பண்ணாங்க?" என்று மனைவி உரக்கக் கேட்டாள்.

"இன்னும் பண்ணல. அதான் பயமா இருக்கு. நல்ல வேஷம் போட்டுக்கிட்டு வேவு பாக்குது அந்தம்மா."

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அழைப்பு வந்தது. தலைமையாசிரியை கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்களுக்குக் காது சரியா கேக்கலன்னு நான் வந்த புதுசுலயே புரிஞ்சுது. நீங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன். அது என் தப்பு."

சாருக்குக் குப்பென்று வியர்த்தது. கூடவே, நினைத்தது சரிதான் என்று ஓர் அற்ப சந்தோஷமும் எட்டிப் பார்த்தது.

"வேலைய விட்டுத் தூக்கப் போறீங்களா மேடம்?"

"இல்ல சார். காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிக்கிட்டு வாங்க. வகுப்பு எப்பவும் உங்களுதுதான். ஆனா அதுவரைக்கும் லேப் வேண்டாம்." அவர் குரல் இன்னும் இறங்கியது, உதடுகளைப் பார்த்துத்தான் சார் மீதியைப் பிடித்தார். "நேத்து ஒரு பொண்ணு கையில ஆசிட் பட்டிருச்சு. உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா. நீங்க திரும்பலன்னதும், கூட இருந்தவ இழுத்துட்டுப் போய்க் குழாயில காட்டியிருக்கா. ஆறிடும்னு டாக்டர் சொன்னார். தழும்பு இருக்குமாம்."

"எந்தப் பொண்ணு?"

"முதல் மேஜை. உங்க முதுகுக்குப் பின்னாடி."

நேற்று லேபில் சார் பிள்ளைகள் பக்கம் திரும்பவே இல்லை. வராந்தா ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார், இந்த அம்மா அங்கே மறைந்து நின்று தன்னைக் கண்காணிக்கிறாரா என்று.