ஏழாவது பாட்டுக்கு முன்னால்

லிபெர்த்தா தெரு வீட்டில் சிஞ்ஞோரா ஸ்ரெல்லாவைப் பராமரிக்க விஜிதா வந்து ஆறு வருடமாகிறது. எண்பத்துநாலு வயதானவரைக் குளிக்கவார்த்து, சாப்பாடும் மருந்தும் கொடுப்பது வேலை. பின்னேரம் நாலு மணிக்குச் சீடி போடவும் வேண்டும்.

சிஞ்ஞோராவின் ஒரே மகள் மரியா ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். அந்த நாட்டுப் பழைய பாட்டுகளை வாசிக்கும் சிறிய குழுவொன்றில் வயலின் வாசித்தாள். அவர்கள் வெளியிட்டது ஒரேயொரு சீடி, அதுவும் இருநூறு பிரதிதான். நாலு வருடத்துக்கு முன் மரியா புற்றுநோயில் போய்விட்டாள். குழுவும் கலைந்து, ஆர் எங்கே என்று தெரியாமல் போயிற்று.

சீடியில் ஏழாவது பாட்டு தொடங்கமுன் மரியா "ஊனோ, தூயே, த்ரே" என்று தாய்மொழியில் மூன்று வரை எண்ணி, மெல்லச் சிரிப்பாள். ரெலிபோனில் கதைத்ததையெல்லாம் ஆர் பதிந்து வைத்தார்கள்? தாய்க்கு மிஞ்சிய குரல் அவ்வளவுதான்.

போன மாரியோடு சிஞ்ஞோராவுக்குக் காது முற்றாக அடைத்துவிட்டது. கருவி மாட்டியும் பயனில்லை. அதன்பிறகு ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்துக்கொள்வார். மற்றக் கை விஜிதாவின் கையில் இருக்கும். மரியாவின் குரல் வரும்போது விஜிதா அதை அழுத்த வேண்டும்.

அழுத்தும்போது விஜிதாவுக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கும். அவளுடைய தம்பி சாந்தரூபன் இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு மே மாதம் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடைந்தவன். பிறகு ஒருவரும் அவனைக் காணவில்லை. ஒரு படம் இருக்கிறது. குரல் எதிலும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தூசு தட்டும்போது சீடி கை தவறி மாபிள் தரையில் விழுந்தது. பதறித் திரும்பியதில் அவளுடைய செருப்பே அதை மிதித்துத் தேய்த்துவிட்டது. போட்டுப் பார்த்தாள். ஆறாவது பாட்டு முடிந்ததும் கர்ரென்று திக்கி நின்றது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் போன் கடை வைத்திருக்கும் சுஜீவனிடம் ஓடினாள். அவன் துடைத்தான், வேறு மெஷினில் போட்டான், இன்ரநெற்றிலும் தேடினான்.

"மற்றதெல்லாம் பாடும் அக்கா. ஏழாவது இனிச் சரிவராது," என்றான்.

சிஞ்ஞோராவிடம் சொல்ல விஜிதாவுக்கு வாய் வரவில்லை. நாலு மணிக்கு வழக்கம்போலச் சீடியைப் போட்டாள். ஆறாவது முடிந்ததும் நிறுத்திவிட்டு, மரியா எண்ணும் நேரம் பார்த்துக் கையை அழுத்தினாள். சிஞ்ஞோரா கண்ணை மூடிச் சிரித்தார். ஒன்பது நாள் இப்படிப் போயிற்று. பத்தாம் நாள் கொப்பித்தாளில் பெரிய எழுத்தில் நடந்ததை எழுதி நீட்டினாள்.

சிஞ்ஞோரா கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக வாசித்தார்.

"முதல் நாளே எனக்குத் தெரியும்," என்றார். "அந்தப் பாட்டு மேளத்தோடை தொடங்கும். பெட்டி என்ரை கையை உதைக்கும். அண்டைக்கு உதைக்கேல்லை."

பிறகு ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று விஜிதா எழுதிக் கேட்டாள்.

"நீ சரியான இடத்திலை அழுத்தினாய். அவளின்ரை குரல் உனக்கு அவ்வளவு பாடமாயிருக்கு. அவள் சொன்னமாதிரி ஒருக்காச் சொல்லு, நான் உன்ரை வாயைப் பாக்கிறன்."

விஜிதா எண்ணினாள். மூன்று வரை வந்தது. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. சிஞ்ஞோரா அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டு, உன்ரை தம்பி எப்படிக் கதைப்பான் என்று கேட்டார். விஜிதா நினைத்துப் பார்த்தாள். அவன் சொன்னவை ஒவ்வொன்றும் நினைவிருந்தன, ஆனால் எல்லாம் அவளுடைய சொந்தக் குரலிலேயே கேட்டன. தெரியாது என்று தலையாட்டினாள்.

வேலை முடிந்து தான் குடியிருக்கும் அல்பெர்கேரியாவுக்கு நடந்து வரும்போது முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தாள். தம்பி தன்னை எப்படிக் கூப்பிடுவான் என்று தாயிடம் கேட்டாள்.

"கடைசியிலை கொஞ்சம் இழுப்பான் பிள்ளை. அக்காஆ எண்டு."

அது வயதுபோன ஒரு மனுசியின் நடுங்கும் குரலாகத்தான் இருந்தது. பலாரோ சந்தைக்காரர் கூவிக்கொண்டிருந்த ஒழுங்கையில் விஜிதா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.

"ஓம் அம்மா, அப்பிடித்தான்," என்றாள். அப்படித்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.