ஒரு கண்ணாடி, இரண்டு சம்பந்திகள்

பஸ் கிளம்பிவிட்டது. பிள்ளைகள் ஏறவில்லை.

"நீங்க ஏறி எடம் பிடிங்க, தண்ணி பாட்டில் வாங்கிட்டு ஓடி வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு மகளும் மாப்பிள்ளையும் கடைக்குப் போனது டிரைவருக்கு எப்படித் தெரியும்? அவர் கதவை மூடினார், கிளப்பினார். ஜன்னல் வழியே பார்த்தால், இரண்டு பேரும் ஆளுக்கொரு பாட்டிலைத் தூக்கிக் காட்டியபடி பின்னால் ஓடி வருகிறார்கள். அடுத்த திருப்பத்தில் அதுவும் மறைந்தது.

பஸ்ஸில் மிஞ்சியது இரண்டு சம்பந்திகள்.

பெண்ணைப் பெற்றவள் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து லென்ஸ் மாட்டி அனுப்புகிறவள். பிள்ளையைப் பெற்ற அம்மா நீதிமன்றத்தில் டைப்பிஸ்ட். வக்கீல்கள் வேகவேகமாகப் பேசுவதை ஒரு எழுத்துப் பிசகாமல் அடித்துத் தள்ளுவார். இரண்டு பேருக்கும் கணவர் இல்லை. இருவருக்கும் ஒற்றைப் பிள்ளை. ஒட்டிக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஒட்டவில்லை.

காரணம் கல்யாணத்தன்று நடந்தது. மண்டப வாசலில் பெண்ணைப் பெற்றவள் நுழைந்தபோது, அந்தக் கோடியில் நின்ற சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கி, மூக்கைச் சுளித்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பில்லை, ஒரு தலையசைப்பில்லை. "ஒட்டடைக் குச்சியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாங்கடி" என்று அன்றே மகளிடம் பொருமினாள். அதற்குப் பிறகு எட்டு மாதமாக போனில், "சாப்டீங்களா?", "ஆச்சு", "வேற?", "வேற ஒண்ணுமில்ல", அவ்வளவுதான். இதைச் சரிசெய்யத்தான் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரை நடையையே ஏற்பாடு செய்திருந்தார்கள்.

மகளின் போன் வந்தது. "அம்மா, அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான். ஏரி ஸ்டாப்புல இறங்கி ரெண்டு பேரும் அங்கயே உக்காந்திருங்க. எங்கயும் போயிடாதீங்க!"

"நான் என்ன கைக்குழந்தையா?" என்று அவள் போனை வைத்தாள்.

ஏரி ஸ்டாப்பில் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. இந்த முனையில் அவள், அந்த முனையில் சம்பந்தியம்மா, நடுவில் இரண்டு பைகள்.

"வெயில் இல்ல" என்றாள் அவள்.

"ஆமா, இல்ல" என்றார் சம்பந்தியம்மா.

வானிலை அத்தோடு தீர்ந்துபோனது. ஐந்து நிமிஷம் ஐந்து மணி நேரமாக நகர்ந்தது. பொறுக்கமாட்டாமல் அவளே கேட்டாள்: "சும்மா உக்காந்திருக்கறதுக்கு மெதுவா நடந்துட்டிருப்போமா சம்பந்தி? பிள்ளைங்க பின்னாடி வந்து புடிச்சுக்குவாங்க."

கேட்டு வாய் மூடவில்லை, சம்பந்தியம்மா பையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. பள்ளத்துக்கு அப்பால் ஒரு பலகை நின்றது. அவள் குனிந்து ஷூ கயிற்றை முடிந்துகொண்டிருக்க, சம்பந்தியம்மா பலகையைப் படித்தார்.

"நீல அம்பு போட்ட வழி ஏரியைச் சுத்திட்டு அந்தப் பக்கத்து பஸ் ஸ்டாப்புக்குப் போகுது. ரெண்டே கிலோமீட்டர்தான்."

அவள் நிமிர்ந்து, மூக்கில் நழுவிய தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பலகையில் இருந்தது 2 இல்லை, 7. வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா முகத்துக்கு நேரே தப்பென்று சொல்வதா? அதோடு மனசுக்குள் ஒரு குறுகுறுப்பு: தெரிந்தேதான் சொல்கிறாரோ? நான் நடப்பேனா, பாதியில் உட்கார்ந்துவிடுவேனா என்று சோதிக்கிறாரோ? ஏழென்ன, பதினேழு நடப்பேன் என்று வீம்பு வந்தது.

"சரிங்க" என்றாள். நீல வழியில் போகிறோம், அந்தப் பக்கத்து ஸ்டாப்புக்கு வந்துவிடுங்கள் என்று மகளுக்குச் செய்தி அனுப்பினாள். அது போய்ச் சேர்ந்ததோடு சிக்னலும் போயிற்று.

காட்டுக்குள் நுழைந்ததும் காற்று மாறியது. காலடியில் சருகு மெத்தென்று அமுங்கியது. மரங்களுக்கு இடையே ஏரி அங்கங்கே பளிச்சிட்டது. கடையில் நாள் முழுக்க ஆறடிக்கு ஆறடியில் நின்று பழகிய கால்களுக்கு, எதிலும் இடிக்காமல் வீசி நடப்பது என்னவோ பண்ணியது. முன்னால் சம்பந்தியம்மாவும் கையை வீசிக்கொண்டுதான் போனார்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். "ரெண்டு கிலோமீட்டர் ரொம்ப நீளமா இருக்கே" என்றார் சம்பந்தியம்மா. பிறகு முகம் மலர்ந்தது. "அதோ ஒருத்தர் நிக்கறார், கேட்டுடலாம். ஏங்க! பஸ் ஸ்டாப்புக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

பதில் இல்லை.

"ஏங்க, உங்களைத்தான்!"

அப்போதும் இல்லை. சம்பந்தியம்மாவுக்குச் சுருக்கென்றது. "பாத்தீங்களா சம்பந்தி? வழி கேட்டா பதில் சொல்லக்கூட வாய் வரல."

அவள் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சம்பந்தி... அது மரம்."

"கோட்டு போட்டிருக்காரே?"

"இடி விழுந்த மொட்டை மரம். கோட்டு யாரோ மாட்டி வச்சுட்டு மறந்துட்டுப் போனது."

சம்பந்தியம்மா கண்ணைச் சுருக்கினார். மூக்கைச் சுளித்தார். மரத்தை மேலும் கீழுமாக ஏற இறங்கப் பார்த்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே பார்வை! ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அதே பார்வை!

"சம்பந்தி, எத்தனை வருஷமா இப்படி?"

"எப்படி?"

"தூரத்துல இருக்கறது மங்கலா."

சம்பந்தியம்மா சருகைக் காலால் கிளறினார். "அஞ்சாறு வருஷம் இருக்கும். கிட்டத்துல எல்லாம் ஜோரா தெரியுது. டைப் அடிக்க அது போதாதா? கண்ணாடி மாட்டினா ஆபீஸ்ல எல்லாரும் 'வயசாயிடுச்சா மேடம்'னு ஆரம்பிச்சுடுவாங்க."

"அப்ப கல்யாணத்தன்னிக்கு நான் வாசல்ல வந்தப்ப?"

"வாசல்ல யாரோ நின்னாங்க. உங்களை மாதிரியும் இருந்துச்சு, வீடியோக்காரர் மாதிரியும் இருந்துச்சு. தப்பான ஆளைப் பார்த்து இளிச்சு வச்சா அசிங்கமாச்சேன்னு பேசாம இருந்துட்டேன். ஏன் கேக்கறீங்க?"

விளக்கடியில் இருட்டு என்பது இதுதான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடைப்படி ஏறுகிறவர்களைப் பார்த்த மாத்திரத்தில், இவருக்கு இவ்வளவு பவர் என்று சொல்லிவிடக்கூடியவள் எட்டு மாதமாக அந்தச் சுருக்கத்தை நெஞ்சில் முள்ளாக வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள்! சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கோட்டுப் போட்ட மரத்தடியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒட்டடைக் குச்சி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முதலில் முறைத்த சம்பந்தியம்மா, "வீடியோக்காரர்னு நினைச்சதுக்கு நீங்கதான் என்னை மன்னிக்கணும், அவருக்கு மீசை வேற" என்று சொல்லித் தானும் சிரிக்க ஆரம்பித்தார். மரத்திலிருந்த பறவைகள் பறந்துபோயின.

"இருங்க, அப்ப அந்தப் பலகை?" என்றார் திடீரென்று.

"ஏழு கிலோமீட்டர்."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"மாப்பிள்ளையோட அம்மாவாச்சே, மரியாதைக்கு..."

"நல்லா காட்டினீங்க மரியாதை! கண்ணைக் கட்டிக் காட்டுல விடறதும்பாங்க. நீங்க கட்டற செலவு கூட இல்லாம விட்டுட்டீங்களே!"

அடுத்த வளைவில் மரங்கள் விலகி, ஏரி முழுசாக விரிந்தது. அவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றினாள். "இது உங்க பவர் இல்ல. கடைக்கு வந்து முறையா சோதிச்சுத்தான் போடணும். ஆனா சும்மா ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க."

சம்பந்தியம்மா மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தவர் மூடவில்லை.

"இலையெல்லாம்..." என்றார் கடைசியில். "தனித்தனியா இருக்கு!"

"தனித்தனியாத்தான் இருக்கும்."

"தண்ணிக்கு மேல கோடு கோடா போகுது. அந்தக் கம்பு மேல ஒரு கறுப்புப் பறவை ரெக்கையை விரிச்சுக் காயப் போட்டுட்டு உக்காந்திருக்கு. அய்யோ, அந்தக் கரையில ஒரு சிவப்பு பஸ் போகுது சம்பந்தி! இத்துனூண்டு பஸ்!" சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். நாற்காலியிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தாறு வயசுப் பெண்மணி, ஏரிக்கரையில், இரண்டு காலும் தரையை விட்டு எழும்பக் குதித்தார். பவர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கும். யாருக்கு வேண்டும் அது?

அவளுக்கோ இப்போது ஏரியும் வானமும் ஒரே நீலப் பூச்சு. இருந்தாலும் சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, கேட்டுக்கொண்டு நிற்பதே சுகமாக இருந்தது.

அங்கிருந்து ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. நூறு அடி ஒருத்தருக்கு, நூறு அடி மற்றவருக்கு. கண்ணாடி இல்லாதவர் கண்ணாடி இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சம்பந்தியம்மா தன் முறை வந்தால் எண்பதுக்கு அப்புறம் மறுபடி எழுபத்தொன்று என்று எண்ணினார். அவள் கண்டுகொள்ளவில்லை. வழியில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் நனைத்தார்கள். நாலு பேருக்கென்று கொண்டுவந்த ரொட்டியையும் முட்டையையும் ஆரஞ்சுகளையும் இரண்டு பேராகக் காலி செய்தார்கள். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி பேச்சுவாக்கில் நீதிபதியை 'மாமா' என்று கூப்பிட, அதையும் அப்படியே அடித்துவிட்ட கதையைச் சம்பந்தியம்மா சொன்னபோது அவளுக்கு ஆரஞ்சு புரையேறியது.

அந்தப் பக்கத்து ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நிழற்குடையில் சிலர் நின்றிருந்தார்கள். கண்ணாடி அப்போது சம்பந்தியம்மாவிடம். அவள் வாயெல்லாம் பல்லாக நேரே போய், "மாப்பிள்ளை, ரொம்ப நேரமா காத்திருக்கீங்களா?" என்று ஒரு இளைஞனின் தோளைத் தட்டினாள். யாரோ ஒரு பையன், மிரண்டு பின்வாங்கினான்.

"அம்மா! நாங்க இங்க இருக்கோம்!" மகள் அழுகிற குரலில் ஓடி வந்தாள். "ரெண்டு மணி நேரமா தவிச்சுப் போயிட்டோம்! அத்தை, உங்க மூக்குல என்ன அம்மாவோட கண்ணாடி?"

"டேய்" என்றார் சம்பந்தியம்மா மகனைப் பார்த்து, கண்ணாடிக்குள்ளிருந்து உற்று. "உனக்கு நரை விழுந்திருக்கே! எப்பலேர்ந்து?"

திரும்பும் பஸ்ஸில் இரண்டே இடம் காலியாக இருந்தது. சம்பந்திகள் உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் குனிந்து, "அப்படி என்னதாம்மா பேசினீங்க ரெண்டு பேரும்? எங்களைப் பத்தியா?" என்று கேட்டாள்.

அவள் யோசித்துப் பார்த்தாள். ஏழு கிலோமீட்டரில் பிள்ளைகளின் பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை.

"உங்களைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்றாள்.

சம்பந்தியம்மா ஜன்னலுக்கு மேலே ஒட்டியிருந்த பஸ் வழித்தடப் படத்தை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். "சம்பந்தி, பத்தொம்பதாம் நம்பர் பஸ் ஒரு அருவி வரைக்கும் போகுது. புதன்கிழமை கடைக்கு வர்றேன், கண்ணைப் பாருங்க. ஞாயித்துக்கிழமை போயிடலாம்."

"காலையில எத்தனை மணிக்கு அத்தை?" என்றாள் மகள்.

"ஏழு மணி பஸ்" என்றார் அவர். "வர்றதா இருந்தா தண்ணியை வீட்லயே புடிச்சுட்டு வாங்க."