விஞ்ஞானியின் அம்மா

சனிக்கிழமை காலை. பார்லரில் இருந்த இரண்டு நாற்காலிகளும் நிறைந்திருந்தன. ஒன்றில் பேங்க்கில் வேலை பார்க்கிற மேடம், புருவம் திருத்திக்கொள்ள வந்தவர். இன்னொன்றில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை. தலை முழுக்க டை அப்பிக்கொண்டு, கழுத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியோடு, அசையாமல் உட்கார்ந்திருந்தார். டை காய்கிறவரை அவரால் எங்கும் எழுந்து போக முடியாது. பார்லர்க்காரம்மாவுக்கு வேண்டியதும் அதுதான்.

அவளுக்குக் கைக்கு எவ்வளவு வேலையோ, வாய்க்கு அதைவிட அதிக வேலை. முன்பெல்லாம் அந்தக் கடையில் சீரியல் கதை ஓடும், பக்கத்து வீட்டுக் கதை ஓடும். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்க இடம் கிடைத்த நாளிலிருந்து ஒரே கதைதான். மகளுக்கு 'விஞ்ஞானி' என்று பட்டமே கொடுத்துவிட்டாள். விளையாட்டாகத் தொடங்கியது தெரு முழுக்கப் பரவிவிட்டது. கூரியர் கொண்டுவருகிறவர்கூட "விஞ்ஞானி வீடு இதுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வாங்குவார்.

"என் விஞ்ஞானி இருக்காளே மேடம்," என்று நூலைப் பல்லில் கடித்தபடியே ஆரம்பித்தாள். "இதுவரைக்கும் ஒரு நாள் லீவு போட்டதில்ல. தலைவலின்னு ஒரு பொழுது படுத்ததில்ல. ரிசல்ட்டைப் பத்தி நான் கேக்குறதே இல்லன்னா பாத்துக்கோங்க. எதுக்குக் கேக்கணும்? பாஸாயிட்டியான்னு அவகிட்டப் போய்க் கேட்டா அவளுக்குத்தானே அவமானம்!"

"கொடுத்து வச்சவ நீ," என்றார் பேங்க் மேடம் கண்ணைத் திறக்காமலே. "என் பையனும் ஹாஸ்டல்ல இருக்கான். போன் பண்ணா 'நல்லாருக்கேம்மா'ங்கறதுக்கு மேல ஒரு வார்த்தை வராது."

"அதெல்லாம் வளர்ப்புல இருக்கு மேடம்," என்று சொல்லிவிட்டுப் பார்லர்க்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவ்வளவு அழுத்திக் கடித்ததாகத் தெரியவில்லை.

பிறகு பேராசிரியையின் பக்கம் கையை நீட்டினாள். "இவங்கதான் எம் பொண்ணுக்கு அட்வைசர். என்ன பேப்பர் எடுக்கணும், எப்படிப் படிக்கணும்னு எல்லாம் இவங்கதான் பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்குறாங்க." பேராசிரியை கண்ணாடியைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கக் கதவு திறந்தது. கடைக்குப் பின்னால்தான் வீடு. துவைத்து மடித்த துண்டுகளைத் தூக்கிக்கொண்டு மகள் உள்ளே வந்தாள். கண்ணாடியில் பேராசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், துண்டுகளை அங்கேயே ஸ்டூல்மேல் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள். அதில் பாதி கீழே விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"பாத்தீங்களா, டீச்சரைப் பாத்தா இன்னும் சின்னப் புள்ள மாதிரி வெக்கம்!" என்று அம்மாக்காரி சிரித்தாள். "நீங்களே சொல்லுங்க மேடம். எம் பொண்ணு எப்படிப் படிக்கிறா? பேங்க் மேடமும் கேக்கட்டும்."

பேராசிரியை சிரிக்கவில்லை. "ஒரு மாணவி எப்படிப் படிக்கிறான்னு, அவ அனுமதி இல்லாம வீட்டுலகூட நான் சொல்லக் கூடாதும்மா. அது எங்க விதி," என்றார். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க அவளையே கேளுங்க. இன்னிக்கே கேளுங்க," என்றார்.

பார்லர்க்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் இந்த அம்மாவுக்கு என்ன குறைந்துவிடும் என்று கடுகடுவென்றுதான் தலையை அலசிவிட்டாள். ஆனாலும் அந்த 'இன்னிக்கே' காலில் ஏறிய முள் மாதிரி உள்ளேயே நின்றது. மத்தியானம் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புத்தகப் பை மூலையில் கிடந்தது.

"உன் டீச்சர் ஏதோ புதிர் போடுறாங்க. என்னடி விஷயம்?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "என்னைப் படிப்புலேர்ந்து நீக்கிட்டாங்கம்மா," என்றாள்.

பார்லர்க்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விஷயம் துண்டுதுண்டாகத்தான் வெளியே வந்தது. போன வருஷமே மார்க் சராசரி வேண்டிய அளவைவிடக் குறைந்துவிட்டது. அதற்குக் கீழே போனால் உடனே யாரையும் அனுப்பிவிட மாட்டார்கள். 'கண்காணிப்பு' என்று ஒரு செமஸ்டர் அவகாசம் தருவார்கள். அதற்குள் சராசரியை மேலே கொண்டுவந்துவிட்டால் பழையபடி படிக்கலாம். கொண்டுவராவிட்டால் நீக்கம்.

"அட்வைசரைப் போய்ப் பாத்தா ரெண்டு பேப்பரைக் குறைச்சுவிடுவாங்க. மிச்சத்தை ஒழுங்காப் படிச்சா கரையேறிடலாம். எல்லாரும் அப்படித்தான் ஏறுறாங்க. அவங்க கையெழுத்து இல்லாம ஒரு பேப்பரைக்கூடக் குறைக்க முடியாது. நான் போகவே இல்ல. எல்லாத்தையும் தூக்கிச் சுமந்தேன். எல்லாம் போச்சு."

"ஏண்டி போகல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

மகள் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.

இந்த இடத்தில் அந்தத் தாயின் மனசில் முதலில் என்ன ஓடியது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மகளுக்கு இத்தனை மாதமாக எப்படிச் சோறு இறங்கியது, எப்படித் தூங்கினாள் என்பதெல்லாம் ஓடவில்லை. 'பேங்க் மேடத்துக்குத் தெரிஞ்சா?' என்பதுதான் ஓடியது. பின்னால் அதை நினைத்து அவள் வெட்கப்பட்டாள். அன்றைக்குப் படவில்லை.

"இனிமே வழியே இல்லியா?"

"ஒரு தடவை மேல்முறையீடு பண்ணலாம். வியாழக்கிழமை ஒரு குழு முன்னாடி போய், என்ன நடந்துச்சு, இனிமே என்ன செய்வேன்னு சொல்லணும். அவங்க ஒத்துக்கலைன்னா ஒரேயடியா வெளிய."

பார்லர்க்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஜாதி இல்லை. அவளிடம் முகத்துக்கு பிளீச் பண்ண வருகிறவர்களில் ஒரு டாக்டரின் மனைவியும் உண்டு. மறுநாளே அந்த வீட்டுக்குப் போனாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், வெளியே வரும்போது கையில் ஒரு சான்றிதழ் இருந்தது. போன செமஸ்டர் முழுக்க மகளுக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை என்று அதில் எழுதியிருந்தது.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லியேம்மா," என்றாள் மகள்.

"இருந்துச்சுன்னு வச்சுக்கோ. நீ வாயைத் திறக்காத, அம்மா பாத்துக்கிறேன்."

வியாழக்கிழமை ஒரு நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் குழுத் தலைவர். மாணவி சம்மதித்தால் வீட்டில் ஒருவர் கூட இருக்கலாம் என்பதால் அம்மாவும் உள்ளே வந்திருந்தாள். ஓரத்து நாற்காலியில் பேராசிரியை. ஓட்டுப் போடும் உரிமை அவருக்கு இல்லை, கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். தலைமுடி நல்ல கறுப்பாக மின்னியது. அந்தக் கலவரத்திலும் பார்லர்க்காரம்மா அதைக் கவனித்தாள்.

"கண்காணிப்புல இருக்கிறவங்க அட்வைசரைப் பாக்கணும்னு சொல்லியிருந்தோம். நீங்க ஒரு தடவைகூடப் போகலை. ஏன்?" என்று தலைவர் கேட்டார்.

மகள் தரையைப் பார்த்தாள். பார்லர்க்காரம்மா கைப்பையைத் திறந்தாள். "ஐயா, புள்ளைக்குப் பாவம் மஞ்சள் காமாலை. எழுந்து நடக்கவே முடியல. இந்தாங்க, டாக்டர் குடுத்த சான்றிதழே இருக்கு."

சொல்லிக்கொண்டே தலையைத் திருப்பியவள் பேராசிரியையின் கண்ணைப் பார்த்துவிட்டாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. ஆனால் 'தலைவலின்னு ஒரு பொழுது படுத்ததில்ல' என்று சனிக்கிழமை தானே சொன்னது அவள் காதில் கணீரென்று கேட்டது. அந்தச் சனிக்கிழமை மட்டுமா? டை போட வந்த ஒவ்வொரு தடவையும் அல்லவா சொல்லியிருக்கிறாள்! நீட்டிய கை அப்படியே நின்றது.

மகள் எழுந்தாள். அம்மாவின் கையிலிருந்து அந்தக் காகிதத்தை மெதுவாக வாங்கி மடித்தாள்.

"எனக்குக் காமாலை வரலை சார். உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. அட்வைசர் மேடம் எங்கம்மா கடைக்குத்தான் டை போட வருவாங்க. அதனாலதான் போகலை."

தலைவருக்குப் புரியவில்லை. "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எங்கம்மா அவங்க தலையைப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டே இருப்பாங்க சார். பின்பக்கம் வரைக்கும் கேக்கும். நான் மேடம் ரூமுக்குப் போய் ஃபெயில்னு அழுதுட்டு வந்தா, அடுத்த தடவை அவங்க எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்திருப்பாங்க. எங்கம்மா ஒண்ணும் தெரியாம 'என் விஞ்ஞானி'ம்பாங்க. மேடத்தோட ரூம் கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினேன். நான் ஃபெயிலானதைக்கூடத் தாங்கிக்கிட்டேன் சார். எங்கம்மா ஒருத்தர் முன்னாடி கோமாளியாகுறதைத் தாங்க முடியல."

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நான் ஒரு நாளும் சிரிக்கலம்மா. உன் மார்க் எனக்கு முன்னாலயே வந்துடுச்சு. நீ வீட்டுல சொல்லியிருப்பே, அம்மா வெளியில பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சுட்டேன். நீ வரலைன்னதும் நானாவது உன்னைக் கூப்பிட்டிருக்கணும்," என்றார்.

தன்னைக் காப்பாற்றத்தான் மகள் மூழ்கியிருக்கிறாள் என்பது புரிந்தபோது பார்லர்க்காரம்மாவுக்கு நெஞ்சு வலித்தது. மகள் ஃபெயில் என்று கேட்டபோதுகூட இப்படி வலிக்கவில்லை.

வெளியே காக்க வைத்து, திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். "விதியை மாத்த முடியாது. ஒரு வருஷம் நீங்க வெளியதான் இருக்கணும். ஆனா உங்க இடத்தை ரத்து பண்ணலை. அடுத்த வருஷம் வரலாம். வந்ததும் முதல் வேலையா அட்வைசரைப் பாக்கணும்," என்றார் தலைவர். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தத் தாளை நீங்க என் கையில குடுத்திருந்தா இந்த வழியும் அடைச்சிருக்கும்மா," என்றார்.

வராந்தாவில் பார்லர்க்காரம்மா சான்றிதழை வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். முன்னால் தலைகுனிந்து நடந்துகொண்டிருந்த மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பட்டப்பேர் இல்லை, சொந்தப் பேர். அந்தப் பேரை அம்மாவின் வாயால் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்ததால், மகள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

"பசிக்குதாடி?" என்றாள் அம்மா. மகள் தலையாட்டினாள். இருவரும் எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அடுத்த தடவை பேங்க் மேடம் தலைக்கு டை போட்டுக்கொள்ள வந்தபோது, பின்னால் மகள் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் வழக்கம்போல, "என்ன, விஞ்ஞானி இன்னிக்கு வீட்டுல இருக்கா? காலேஜ் லீவா?" என்று கேட்டார்.

மகளின் கை நின்றது. டை பிரஷ் பிடித்திருந்த அம்மாவின் கையும் நின்றது. லீவு என்று சொல்லிவிட்டால் போதும், பேச்சு வேறு பக்கம் போய்விடும். பார்லர்க்காரம்மா திரும்பி மகளைப் பார்த்து, "சொல்லட்டுமா?" என்றாள். மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாள்.

"லீவு இல்ல மேடம். மார்க் குறைஞ்சு ஒரு வருஷம் நிறுத்தி வச்சிருக்காங்க. அடுத்த வருஷம் போவா."

"அடடா! அவ்வளவு நல்லாப் படிக்கிற பொண்ணாச்சே, எப்படி?"

"நல்லாப் படிக்கிறான்னு நான்தானே சொன்னேன்? அவ சொல்லலியே!" என்றாள் பார்லர்க்காரம்மா. கண் கலங்கினாலும் குரல் தெளிவாக இருந்தது. "ஃபெயிலானா ஏறி வர்றதுக்குப் படிக்கிற இடத்துல வழி வச்சிருக்காங்க மேடம். நான்தான் வீட்டுல வழி வைக்கலை. நாம பெருமை பேசிப் பேசிப் புள்ளைங்க வாயை அடைச்சிடுறோம். ஃபெயிலாகுறதால எந்தப் புள்ளையும் கெட்டுப் போறதில்ல. ஃபெயிலாயிட்டேன்னு வீட்டுல வந்து சொல்ல முடியாமத்தான் கெட்டுப் போகுது."

பேங்க் மேடம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரஷ் பாதித் தலை வரை போயிருந்தபோது, "கொஞ்சம் நிறுத்தும்மா," என்றார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து போனை எடுத்தார். டை பட்டுவிடாமல் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் "நல்லாருக்கேம்மா" என்ற பையனின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"அது இருக்கட்டும்டா கண்ணா," என்றார் அவர். "நல்லா இல்லாதது ஏதாவது இருந்தா சொல்லு. அம்மா திட்ட மாட்டேன்."

அந்தப் பக்கம் பையன் மெதுவாக, "அம்மா... நிஜமாத்தான் கேக்குறியா?" என்றான்.